செயின்சாவுக்குத் தவிட்டு எண்ணெய்: மண்ணில் விழுந்தபின் என்ன ஆகிறது?

மரம் அறுக்கும் செயின்சாவில் இரண்டு மூடி இருக்கும். ஒன்றில் பெட்ரோல், இன்னொன்றில் செயின் ஆயில். பெட்ரோல் எரிந்து போகிறது. செயின் ஆயில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. எஞ்சின் ஆயில் மாதிரி அது உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதில்லை. சின்னப் பம்பு ஒன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புப் பட்டை) பள்ளத்துக்குள் தள்ளும். செயின் அதை இழுத்துக்கொண்டு போய் மரத்தூளோடு சேர்த்துக் கீழே கொட்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறைய காலி. நடுத்தர மெஷினில் அது கால் லிட்டர். நாள் முழுக்கச் சவுக்கு வெட்டினால் ஒன்றரை, இரண்டு லிட்டர் போகும். அத்தனையும் மண்ணுக்குத்தான்.

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரியும் கொஞ்சம் சவுக்கும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியபோது முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விழுந்த மரங்களை அறுக்கத்தான் எங்கள் ஊருக்குள் செயின்சா அதிகமாக வந்தது. அப்போதிலிருந்து முக்கால்வாசிப் பேர் ஊற்றுவது டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வடித்த கருப்பு ஆயில். சும்மா கிடைக்கும், இல்லாவிட்டால் டீக்காசுக்குக் கிடைக்கும். ஆனால் அதற்குள் இருப்பவை சும்மா கிடப்பதில்லை. தேய்மானத்தைக் குறைக்கக் கம்பெனி சேர்த்த துத்தநாகம், எஞ்சினில் தேய்ந்த இரும்பு, செம்புத் துகள்கள், பெட்ரோல் அரைகுறையாக எரிந்ததில் சேரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் அதில் உண்டு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் பட்டியலில் இருக்கிறது. முறைப்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போகவேண்டியது. நாங்கள் அதை மரத்தடியில் தெளிக்கிறோம். அறுப்பவனின் கையிலும் சட்டையிலும் தெறிப்பது தனி.

இது நம்மூர்த் தொல்லை மட்டும் இல்லை. ஆஸ்திரியாவில் 1990-லேயே செயின்சா ஆயிலுக்கென்று ஓர் ஆணை போட்டு, கனிம எண்ணெய் வகைகளை ஓரங்கட்டிவிட்டார்கள். அங்கெல்லாம் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயில் செய்த செயின் ஆயில் கடையிலேயே கிடைக்கும். இங்கே இறக்குமதி டப்பா வாங்கினால் கட்டுப்படியாகாது. சரி, நம் பக்கம் கழிவாகப் போகும் எதிலிருந்தாவது செய்யலாமா என்றுதான் இறங்கினேன்.

பண்ருட்டிக்காரன் முதலில் நினைப்பது முந்திரிக்கொட்டை ஓட்டைத்தான். மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. ஓட்டின் எடையில் கால் பங்கு அளவுக்கு எண்ணெய் இருக்கிறது. கெட்டியானது, பிசுபிசுப்பானது, மலிவானது. விவசாயக் கழிவு, தாவர எண்ணெய் என்று இரண்டு நல்ல பெயரும் அதற்குப் பொருந்தும். ஆனால் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு மற்ற கதையும் தெரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் தோல் உரிந்து வெந்துபோகும். பச்சை ஓட்டு எண்ணெயில் பாதிக்குமேல் அனகார்டிக் அமிலம், கூடவே கார்டால். சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம், தோலைப் புண்ணாக்கும் குணமும் குடும்பச் சொத்து. காய்ச்சினால் அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறும், கடுமை குறையும். அந்தக் காய்ச்சிய எண்ணெய் பிரேக் லைனிங்குக்குப் போகிறது. அதாவது வழுக்கக்கூடாத இடத்துக்கு! கார்டனாலை மேற்கொண்டு ரசாயன மாற்றம் செய்து மசகு எண்ணெய்களில் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அது என் கொட்டகையில் நடக்கிற வேலை இல்லை. ஓட்டு எண்ணெயை மெஷினில் ஊற்றவில்லை. மண் சோதனைக்கு மட்டும் ஒரு பாட்டில் வாங்கி வைத்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புங்க எண்ணெய், வேப்ப எண்ணெய் இரண்டையும் சீக்கிரமே தள்ளிவிட்டேன். பூச்சியை விரட்ட வயலில் அடிக்கிறோமே, அதுவே அவற்றுக்குள் வேலை செய்யும் சரக்கு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. தேவையில்லாத இடத்தில் அது ஏன் விழவேண்டும்? தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் உறைந்துவிடும், விலையும் தாங்காது.

மிச்சம் தவிடு. புழுங்கல் அரிசி மில் தவிட்டில் ஒரு வசதி இருக்கிறது. பச்சரிசித் தவிட்டில் அரைத்த சில மணி நேரத்திலேயே லிபேஸ் என்ற நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பிக்கும். அப்படி உடைந்து பிரியும் கொழுப்பு அமிலம், அதாவது கட்டுறா அமிலம், ஏறிக்கொண்டே போகும், சில நாளில் சோப்புக் கம்பெனிக்குத்தான் லாயக்கு. நெல்லை வேகவைக்கும்போது அந்த நொதி செத்துப்போகிறது. அதனால் புழுங்கல் தவிட்டில் எண்ணெய் கெடாமல் நிற்கும், அளவும் கொஞ்சம் கூடுதல். தவிட்டை நாமே பிழிய முடியாது. செக்கில் போட்டால் பெரும்பகுதி எண்ணெயைத் தவிடே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆலையில் ஹெக்சேன் கரைப்பானில் எடுக்கிறார்கள். சுத்திகரிக்காத பச்சை எண்ணெயைத் தெரிந்தவர் மூலம் ஒரு பத்து லிட்டர் கேனில் வாங்கினேன். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், ஈரத் தவிட்டு வாசனை. இதைச் சூடுபடுத்துவதாக இருந்தால் திறந்த வெளியில், அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கேனை இறக்கித்தான் செய்யவேண்டும். கரைப்பான் மிச்சம் இருந்தால் அதன் ஆவி தீப்பிடிக்கும்.

முதல் வேலை அமிலம் பார்ப்பது. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. லிட்டர் தண்ணீரில் 4 கிராம் காஸ்டிக் சோடா கரைத்துக்கொள்ளவேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, சோடாவைத் தண்ணீரில் போடவேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. எண்ணெயைத் துல்லியமாக 2.82 கிராம் நிறுத்து, வெதுவெதுப்பான ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கலக்கி, நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு. அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சில் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கவேண்டும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதோடு நிறுத்திவிடலாம். எத்தனை மில்லி போனதோ அத்தனை சதவீதம் கட்டுறா அமிலம். 2.82 என்று எடுப்பதே கணக்கு இப்படி நேராக வருவதற்காகத்தான். ஒரே சங்கடம், தவிட்டு எண்ணெயின் கருமையில் சிவப்பு சட்டென்று தெரியாது. குலுக்கியபின் கொஞ்சம் நிற்கவிட்டு மேலே தெளியும் ஆல்கஹாலைப் பார்க்கவேண்டும். என் கேனுக்கு ஐந்து மில்லியை ஒட்டி வந்தது.

ஐந்து சதவீதம் சமையலுக்கு ஆகாது. சோடா போட்டு அமிலத்தை எடுத்துவிடலாம்தான். யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். அப்படிச் செய்தால் தவிட்டு எண்ணெயின் இயற்கையான காப்பான ஒரைசனாலும் பெரும்பாலும் சோப்புக் கசடோடு போய்விடும். எண்ணெய் காற்றுபட்டுக் கெட்டியாவதைத் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. இன்னொன்று, கழுவுகிற சோப்புத் தண்ணீர். அதை எங்கே கொட்டுவது? மண்ணைக் காப்பாற்ற ஆயில் செய்கிறேன் என்று காரத் தண்ணீரை வாய்க்காலில் விடுவதில் அர்த்தமில்லை. அதோடு கொழுப்பு அமிலம் இரும்பின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கவும் செய்யும். பாரும் செயினும் இரும்புதானே. செம்பு என்றால் கதை வேறு. மின்சாரக் கம்பித் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தேன், சில வாரங்களில் எண்ணெயே பச்சையாகிவிட்டது. பித்தளை புஷ், செம்புக் குழாய் இருக்கும் எந்த இயந்திரத்துக்கும் இந்த எண்ணெய் வேண்டாம்.

ஆனால் பிசினையும் மெழுகையும் எடுத்தே ஆகவேண்டும். எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, பத்து லிட்டருக்கு 200 மில்லி வெந்நீர் விட்டு, கால் மணி நேரம் மெதுவாகக் கிளறி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தால் அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று பிசின் இறங்கியிருக்கும். அது எருக்குழிக்குப் போனது. மெழுகுக்குப் பொறுமை வேண்டும். கேனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிழலில் இறக்கி ஆறவிட்டால் எண்ணெய் கலங்கி, அப்புறம் மெழுகு மெல்ல அடியில் படியும். மேலே உள்ளதைப் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். இதில் அவசரப்பட்டால் மெழுகு பாரின் எண்ணெய்த் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். அந்தத் துளை குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கடைசியாக ஈரம் போகும்வரை சூடு. கரண்டியைக் காயவைத்து ஒரு சொட்டு விட்டால் படபடக்காமல் இருக்கவேண்டும். ஈரம் மிஞ்சினால் செயின் துருப்பிடிக்கும்.

இப்படி வந்த எண்ணெய் நன்றாக வழுக்குகிறது, ஆனால் தண்ணியாக இருக்கிறது. 40 டிகிரியில் தவிட்டு எண்ணெயின் பாகுத்தன்மை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்ற அளவு) 40 சென்டிஸ்டோக்ஸுக்குப் பக்கம். செயின் ஆயிலுக்கு 100 அளவில் இருந்தால் நல்லது. விளக்கெண்ணெய் 250-ஐ ஒட்டி இருக்கும். இரண்டும் தாவர எண்ணெய் என்பதால் பிரியாமல் கலக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் கணக்குப்படி 100 வரவேண்டும். என்னிடம் மீட்டர் இல்லை. ஒரு டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு, கடையில் வாங்கிய செயின் ஆயிலும் என் கலவையும் ஒழுக எடுக்கும் நேரத்தை ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. விளக்கெண்ணெய் கழிவு இல்லை, காசு கொடுத்து வாங்குவதுதான். அதனால் இந்த ஆயிலைப் பாதிக் கழிவு ஆயில் என்றே சொல்லவேண்டும். ஆமணக்கு என்றதும் சிலருக்கு விஷம் ஞாபகம் வரும். ரிசின் புண்ணாக்கோடு தங்கிவிடுகிறது, எண்ணெயில் கரையாது.

மெஷினில் ஊற்றியதும் செய்யும் பரீட்சை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிறிய அடிமரத்துக்கு எதிரே பாரின் மூக்கைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மரத்தில் ஒரு எண்ணெய்க் கோடு விழவேண்டும். விழுந்தது. பார் தொட முடியாத அளவுக்குச் சுடவும் இல்லை. சவுக்கு வெட்ட வந்த பையன்தான் முதலில் மூக்கைச் சுளித்தான்.

“அண்ணே, என்னண்ணே இது, வடை சுடுற வாசனை வருது?”

“ஏன் தம்பி, பசிக்குதா?”

“பசிக்கலண்ணே. சட்டைல கறுப்பு ஒட்டலையே, அதான் கேட்டேன்.”

இனி மண் விஷயம். கடை டப்பாக்களில் ‘மக்கும்’ என்று போட்டிருப்பதற்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 301 வரிசைச் சோதனைகளில், நுண்ணுயிர்கள் இருக்கும் தண்ணீரில் பொருளைப் போட்டு, 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். தாவர எண்ணெய்கள் சாதாரணமாகத் தேறிவிடும். ஆனால் அந்தச் சோதனை கேட்பது ‘எவ்வளவு வேகமாக மக்கும்’ என்பதை மட்டும். மக்குகிற வரைக்கும் பக்கத்தில் இருப்பவற்றை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதற்கு நாற்று முளைப்பு, மண்புழு, மீன், நீர்த்தெள்ளு என்று தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்குக் காசு இல்லை, முதல் இரண்டை மட்டும் வீட்டளவில் செய்தேன்.

தொட்டிகளில் எங்கள் செம்மண்ணைக் காயவைத்துச் சலித்து நிரப்பினேன். கிலோவுக்கு 10 கிராம் எண்ணெய் ஒரு வரிசை, 50 கிராம் இன்னொரு வரிசை. கருப்பு ஆயில், முந்திரி ஓட்டு எண்ணெய், என் கலவை, எதுவும் சேர்க்காத மண். எல்லாவற்றிலும் பச்சைப்பயறு. 10 கிராம் என்பது தோப்பில் நடப்பதைவிட அதிகம்தான். ஒரு டேங்க் ஆயில் முழுவதும் ஒரே சதுர மீட்டரில் விழுந்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்தாலும் கிலோவுக்கு மூன்று கிராமைத்தான் எட்டும். சோதனை என்றால் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கட்டுமே.

ஓட்டு எண்ணெய்த் தொட்டியில் 50 கிராம் வரிசையில் ஒன்றும் முளைக்கவில்லை. 10 கிராமில் முளைத்தவையும் வேர் நுனி கருகிச் சுருண்டன. கருப்பு ஆயிலைவிட மோசம்! இதற்காகத்தான் அந்தப் பாட்டிலை வாங்கினேன். ‘தாவரம்’, ‘கழிவு’ இரண்டும் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிற பெயர்கள். அவற்றை வைத்து மண்ணுக்கு ஆகும் என்று முடிவு கட்ட முடியாது.

என் கலவையும் சுத்தமாகத் தப்பிக்கவில்லை. 10 கிராமில் முளைப்பு சும்மா மண்ணுக்குச் சற்றே பிந்தியது, அவ்வளவுதான். 50 கிராமில் தண்ணீர் ஊற்றினால் மண் குடிக்காமல் முத்து முத்தாக உருண்டது. முளைத்தவை சீராக இல்லை, இலை மஞ்சளித்தது. காரணம் விஷம் இல்லை, பசி. எண்ணெயில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் இல்லவே இல்லை. எண்ணெயைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரஜனை இழுத்துக்கொள்கின்றன, செடிக்குப் பற்றாக்குறை. வைக்கோலைப் பச்சையாக உழுதுவிட்டு உடனே நட்டால் பயிர் மஞ்சளிப்பதும் இதே கணக்குத்தான். தொட்டிகளை ஈரம் காயாமல் வைத்திருந்து சில மாதம் கழித்து மறுபடி விதைத்தேன். என் கலவை மண் 50 கிராமிலும் தண்ணீரை உறிஞ்சியது, பயறு ஒழுங்காக வந்தது. கருப்பு ஆயில் மண்ணைக் கையில் பிசைந்தால் இன்னும் ஒட்டியது, நாற்றமும் போகவில்லை.

மண்புழுச் சோதனை இன்னும் எளிது. ஒரு பிளாஸ்டிக் டப்பை அட்டையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் சுத்தமான மண், மறுபக்கம் எண்ணெய் கலந்த மண். அட்டையை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் பத்துப் புழுக்களை விட்டு, துணியால் மூடி இரண்டு நாள் வைக்கவேண்டும். அப்புறம் அட்டையைத் திரும்பச் செருகி, எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணலாம். ஐஎஸ்ஓ முறையிலும் இதுதான் அடிப்படை: சோதனை மண்ணில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத் தங்கினால் அது புழுக்களுக்கு ஆகாத இடம். கருப்பு ஆயில் பக்கம் ஒன்றுகூட நிற்கவில்லை. என் கலவையில் 10 கிராம் அளவுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்தன. 50 கிராமுக்கு ஒதுங்கின. ஓட்டு எண்ணெயில் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. பயறு சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீரில் மட்டும் எந்த எண்ணெய்க்கும் சலுகை இல்லை. ஒரு கிலோ தாவர எண்ணெய் முழுதாக மக்க ஏறக்குறைய 2.9 கிலோ ஆக்சிஜன் வேண்டும், அது வேதிச் சமன்பாட்டிலிருந்தே வருகிறது. நம்மூர் வெயிலில் குளத்து நீரில் லிட்டருக்கு ஏழு, ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் கவிழ்ந்தால் மூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜன் அதற்குச் செலவு. காற்றிலிருந்து திரும்பச் சேரும் என்றாலும், மேலே பரவும் படலம் அந்த வழியையும் அடைக்கும். சீக்கிரம் மக்கும் எண்ணெய் ஆக்சிஜனையும் சீக்கிரம் தின்னும், குளத்துக்கு அது நல்லதே இல்லை. அதனால் பாரைக் கழுவுவது, டேங்க் நிரப்புவது எதுவும் வாய்க்கால், கிணற்றடி பக்கம் வேண்டாம் என்று வெட்டுகிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மரத்தூளைப் போட்டு ஒற்றி எடுத்து எருக்குழியில் போட்டால் முடிந்தது.

‘கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்துக்கலாமே, செயின் நல்லா நிக்கும்’ என்று நிறையப் பேர் சொன்னார்கள். கலந்தால் அந்தத் துத்தநாகமும் கூடவே வரும், மேலே சொன்ன சோதனை எதுவும் அந்தக் கலவைக்குச் செல்லாது. ஐரோப்பாவில் சூழல் முத்திரை கொடுப்பவர்களும் அடிப்படை எண்ணெயோடு நிற்பதில்லை, சேர்மானங்களையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெய் போடலாமா என்றும் கேட்டார்கள். உப்பும் ஈரமும் அதில் இருக்கும், துருவுக்கு அழைப்பு வைத்த மாதிரி.

தொந்தரவு இல்லாமல் இல்லை. எண்ணெய் காற்றுபட்டு உலரும் போக்கைக் காட்டுவது அயோடின் எண்; தவிட்டு எண்ணெய்க்கு அது 100-ஐ ஒட்டி இருக்கும். அரைகுறையாக உலரும் ரகம். தினம் ஓடும் மெஷினில் ஒன்றும் தெரியாது. மழைக்காலம் முழுக்கச் சும்மா வைத்துவிட்டு எடுத்தால் செயின் பாரோடு ஒட்டிக்கொண்டு, ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிப் பழுப்பாகப் பசை பிடித்திருக்கும். எறும்பும் வரும். அதனால் ஓய்வுக்கு வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, கடையில் வாங்கிய மக்கும் ரக ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி ஓடவிட்டு நிறுத்துகிறேன். செயினைக் கழற்றி மரத்தூளில் புரட்டித் துடைத்துத் தொங்கவிடுவேன். கலவையை மொத்தமாகச் செய்து அடுக்குவதில்லை. வெட்டு இருக்கும் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, கேனைக் கழுத்துவரை நிரப்பி, வெயில் படாமல் வைக்கிறேன்.

செலவில் கருப்பு ஆயிலோடு போட்டி போட முடியாது, அது ஓசி. கடைச் செயின் ஆயிலோடு ஒப்பிட்டால் என் கலவை கொஞ்சம் மலிவு, கைவேலைக்குக் கூலி போடாத வரைக்கும். இதையே பவர் வீடர் கியர்பாக்ஸில் ஊற்றலாமா என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அங்கே எண்ணெய் மாதக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து புளிக்கும், பித்தளை புஷ் இருந்தால் அரிக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து எடுத்துத் திரும்பக் கொடுக்க முடியும். கீழே சிந்திப் போவதையே வேலையாக வைத்திருக்கும் இடத்துக்கு மட்டும்தான் நான் இதைச் செய்தேன். அடுத்ததாக, தென்னை மட்டை அரைக்கும் மெஷினின் வெளிச் செயினில் ஊற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அங்கேயும் சொட்டுவதெல்லாம் மட்டைத் தூளோடு நேராக எருவுக்குத்தான் போகிறது.